பஸ்ஸுக்கு ஏற்ற வித்தை

மோனிகாவின் கால் கட்டைவிரல் தக்காளி போல வீங்கியிருந்தது. கராத்தே வகுப்பில் முதல் நாளே பலகையை உதைக்கச் சொல்லிவிட்டார்கள். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பஸ்ல கால தூக்க எடம் ஏது நைனா? நிக்கறதே ஒத்தக் கால்ல" என்றாள்.

அப்பா கோவர்த்தனன் வீக்கத்தில் எண்ணெய் தடவிக்கொண்டே யோசித்தார். சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் சூப்பர்வைசர் அவர். லாரி வந்து நின்றதும், எந்தக் கூடையில் அழுகல் இருக்கிறது என்று மூக்கை வைத்தே சொல்லிவிடுவார் என்று ஆலையில் பெயர்.

போன மாதம் ஒரு நாள் மகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "திருப்பதி பஸ்ல தொந்தரவா கீது. நான் காலேஜுக்குப் போவல" என்றாள். யார் என்று கேட்டதற்குத் தலை குனிந்துகொண்டாள்.

டிகிரி முடிய இன்னும் ஒரு வருடம். டீச்சராக வேண்டும் என்பது அவளுடைய சிறு வயது ஆசை. ஆனால் தாய்மாமன் புத்தூரில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். "உகாதிக்குள்ள தொந்தரவு நிக்கலன்னா படிப்ப நிறுத்திட்டு கல்யாணத்த முடிச்சுடலாம்" என்று மனைவி நளினி கெடு வைத்துவிட்டாள். கோவர்த்தனன் பெருமாள் படத்தின் முன்னால் நின்று ஒரு முடிவுக்கு வந்தார். பெண் அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

முடிவு சுலபமாக வந்துவிட்டது. எந்த அடி என்பதில்தான் சிக்கல்.

"கராத்தே எல்லாம் ஷோவுக்கு ரா, கோவர்த்தனா" என்றார் பக்கத்து வீட்டு ரங்கையா. "ஜூடோல சேத்து உடு. எதிராளி பலத்தை வெச்சே அவனைக் கவுத்துடலாம்."

ரங்கையாவுக்குத் திருப்பதியில் பித்தளைச் சாமான் கடை. நெற்றியில் நாமம் கலையாத மனிதர். அவர் கடைக்குப் போகிற பஸ்தான் மோனிகாவுக்கும் என்பதில் கோவர்த்தனனுக்குப் பாதி பாரம் குறைந்திருந்தது.

"நீங்க யாரையாச்சும் பாத்தீங்களாண்ணா?"

"அந்தக் கும்பல்ல யாருன்னு ரா பாக்கறது? நானும் கண்ண மூடாமத்தான் வரேன்."

ஜூடோ வகுப்பு திருப்பதியில் ஐந்து மணிக்கு. அதனால் வீடு திரும்ப நாலரை மணி பஸ் போய், மூச்சு விட இடமில்லாத ஆறரை மணி பஸ் வாய்த்தது. பாவம், ரங்கையா அவளுக்காகக் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டுக் காத்திருந்தார்.

நான்காம் நாள் மோனிகா வித்தையைக் காட்டினாள். புத்தலப்பட்டு அருகே டிரைவர் பிரேக் போட்ட அதே நொடியில் காட்டியதால், கவிழ்ந்தது மலையில் மொட்டை போட்டுக்கொண்டு திரும்பிய ஒரு பக்தர். அவருடைய பையிலிருந்த லட்டெல்லாம் நாலாபக்கமும் உருண்டது. பிரசாதம் காலில் பட்டதற்காகக் கோவர்த்தனன் இரண்டு சனிக்கிழமை பட்டினி கிடந்தார்.

அடுத்தது சிலம்பம். கம்போடு ஏறியவளைக் கண்டக்டர் சென்னம்மா நிறுத்தினாள்.

"பொம்பளைங்களுக்குத்தாம்மா டிக்கெட் ஃப்ரீ. கம்புக்கு ஃப்ரீ இல்ல."

"தற்காப்புக்கு அக்கா."

"சரி, டிரைவர்கிட்ட குடு. எறங்கும்போது வாங்கிக்க."

தற்காப்பு ஒரு வாரம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பத்திரமாகப் பயணம் செய்தது.

கடைசியில் கோவர்த்தனன் கராத்தே மாஸ்டர் கிஷோரிடமே மறுபடி போய் நின்றார். "அடி ஒதையெல்லாம் அப்பறம் சார்" என்றார் மாஸ்டர். "மொதல்ல வயித்துலருந்து கத்தச் சொல்லுங்க. நாலு பேரு திரும்பிப் பாத்தா எவனும் அடங்கிடுவான்."

"இன்னான்னு கத்தணும்?"

"கியாய்!"

கோவர்த்தனனுக்கு அது பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்னார்: "அது இன்னா பாஷையோ! நாம சாமிய நம்பறவங்க. 'கோவிந்தா'ன்னு கத்து. அவரே காப்பாத்துவாரு."

மறுநாள் ஆறரை மணி பஸ்ஸில் மோனிகா அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"கோவிந்தா!"

அறுபது தொண்டைகள் ஒன்றாய்ப் பதில் கொடுத்தன. "கோவிந்தா... கோவிந்தா!"

அவள் இன்னும் பலமாகக் கத்தினாள். பஸ் இன்னும் பக்தியோடு பதில் சொன்னது. பின் சீட்டிலிருந்த ஒரு அம்மாள் கண் கலங்கி, எட்டி அவள் நெற்றியில் குங்குமம் வைத்தாள். யாரும் வேறு எதையும் பார்க்கவில்லை.

"எல்லாருமா பதில் சொன்னாங்க?" என்று வீட்டில் கேட்டார் கோவர்த்தனன்.

"எல்லாரும். ரங்கையா பெரியநைனா கொரலுதான் பெருசா கேட்டுது."

"புண்ணியவான்!" என்றார் அவர், மனசார.

மோனிகா நெற்றிக் குங்குமத்தைத் துடைத்தாள். "நான் வேற பஸ்ல தனியா போய்க்கினு வரேன் நைனா."

"கூட ஆள் இருக்கும்போதே இந்தக் கதி. தனியாவா? புத்தி கெட்டுப் போச்சா?"

அவள் புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் ஏற்றினாள். "மாமாகிட்ட சொல்லிடு. அந்த மாப்பிளைக்கு எனக்கு சம்மதம்" என்றாள். அப்போதும் அவள் அழாததுதான் கோவர்த்தனனைக் கலக்கியது.

மறுநாள் காலை அவர் ஒருவராகவே சித்தூர் பஸ் நிலையத்துக்குப் போனார். பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ரங்கையா தன் பக்கத்து சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு, ஜன்னலில் தலையை நீட்டினார்.

"பொண்ணு எங்க ரா? எடம் வெச்சிருக்கேன்!"

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதர்! கோவர்த்தனன் கைகூப்பிவிட்டு, படியருகே நின்ற சென்னம்மாவிடம் போனார்.

"அம்மா, நீங்க எத்தனையோ வருஷமா பஸ்லயே கீறீங்க. மூணு வித்தை கத்துக் குடுத்துப் பாத்துட்டேன், ஒண்ணும் உதவல. பொண்ணு படிப்பே நிக்கப் போவுது. பஸ்ஸுக்குன்னு ஏத்த வித்தை எதுனா இருந்தா சொல்லுங்கம்மா."

சென்னம்மா ஜன்னலை ஒரு தடவை பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"வித்தை ஒண்ணும் வாணாம் சார், அந்தப் பெரியவரு வராத நாள்ல, உங்க பொண்ணு என் தோள்ல சாஞ்சுக்கினு திருப்பதி வரைக்கும் நிம்மதியா தூங்கினு வருது."