பனிமலைக்கு ஒரு டிரங்க்கால்

டெலிபோனைக் கண்டுபிடித்தவர் எங்கள் டிரங்க்கால் அக்காவை ஒரே ஒரு தடவை சந்தித்திருந்தால், அந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வேறு ஏதாவது உருப்படியாகச் செய்யப் போயிருப்பார். கம்பியும் கருவியும் இல்லாமல் தாம்பரத்தில் நின்றுகொண்டு செங்கல்பட்டில் இருப்பவரிடம் பேசக்கூடிய ஒரே மனுஷி உலகத்திலேயே அவர்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் தாம்பரம் பக்கம் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது, அவர் அங்கே சீனியர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் டிரங்க்கால் புக் செய்துவிட்டு, குளித்து, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டிய காலம் அது. லைன் கிடைத்தாலும் காதில் அப்பளம் பொரிகிற சத்தம்தான் முதலில் கேட்கும். அந்தப் பொரியலுக்கு மேலே எழும்பி, "ஹலோ! ஹலோ திருநெல்வேலி! தாம்பரம் பேசறோம்! ஸ்பீக் அப் ப்ளீஸ்!" என்று கத்துவதுதான் எங்கள் உத்தியோகம். டியூட்டி முடிந்து ஹெட்போனைக் கழற்றியதும் நாங்களெல்லாம் சாதாரண மனிதர்களாகிவிடுவோம். அக்கா ஹெட்போனை மட்டும்தான் கழற்றுவார். குரலைக் கழற்ற மாட்டார்.

இதில் வேடிக்கை, தனக்குச் சத்தம் போட்டுப் பேசவே வராது என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். ஒருநாள் கேம்ப் ரோடு பஸ்ஸில் என் பக்கம் குனிந்து, "சாந்தி, யார்கிட்டயும் சொல்லிடாதே. நம்ம சூப்பர்வைசர் தலையில இருக்கறது விக்குடி!" என்று ரகசியம் சொன்னார். டிரைவர் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு, "எந்த ஆபீஸ்க்கா?" என்று விசாரித்தார். மறுநாள் சூப்பர்வைசர் விக் இல்லாமலே ஆபீசுக்கு வந்துவிட்டார்.

சேலையூரில் அக்காவின் வீட்டுப் பக்கத்து ஆட்டோக்காரர் ஒருநாள் கெஞ்சியேவிட்டார். "இன்னாக்கா, நான் முன்னாடிதான குந்திக்கினு கீறேன்? எதுக்குக்கா இப்டி கூவுற?"

"நான் எங்கப்பா கூவறேன்? மெதுவாத்தானே வழி சொல்றேன்!" என்றார் அக்கா. எதிரே வந்த சைக்கிள்காரர் அந்த வழியிலேயே திரும்பிவிட்டதாகக் கேள்வி.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி ஒருவர். அவரை இன்ஜினீயராக்கி சியாட்டிலுக்கு அனுப்பிவைத்ததோடு தன் கடமை தீர்ந்தது என்று இருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் அக்கா ரிட்டயர் ஆனதும், தம்பிக்கு ஒரு ஆசை. அக்காவை அலாஸ்கா கடற்கரை ஓரமாகக் கப்பலில் அனுப்பி, பனிமலை, திமிங்கலம், கரடி எல்லாம் காட்ட வேண்டும்.

"தனியா வரமாட்டேன்டா. பேச்சுத் துணைக்கு ஆள் வேணும்" என்று போனில் அடம்பிடித்தார் அக்கா.

"கப்பல்ல அவ்ளோ பேர் இருப்பாங்கக்கா!"

"அவங்கள்லாம் முணுமுணுன்னு பேசுவாங்களாமே? எனக்குக் காதுல விழாதே!"

தம்பி இரண்டு டிக்கெட்டாக அனுப்பினார். இரண்டாவது எனக்கு. தனக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி அவர் துறைமுகத்தோடு நின்றுகொண்டார். அவர் சொன்ன காரணம் அது. என் கணவர் மட்டும், "போயிட்டு வா. ஆனா திரும்பி வந்து நீயும் அந்தம்மா மாதிரி பேசாம இருந்தா சரி" என்று வழியனுப்பினார்.

நீச்சல்குளமும் டான்ஸ் ஹாலும் இருக்கிற பெரிய கப்பல் அல்ல அது. மலைகளுக்கு இடையே கடல் சந்து மாதிரி நுழைகிற இடங்களிலெல்லாம் தானும் நுழைகிற சின்னக் கப்பல். இரண்டு கரையிலும் ஈரம் சொட்டும் காடு, அதன் மேல் தொங்கும் மூடுபனி. கரைக்குப் போக வேண்டுமானால் ரப்பர் படகு. கூட வந்தவர்கள் பெரும்பாலும் ரிட்டயரான அமெரிக்கர்கள். கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு, சர்ச்சில் இருப்பதுபோல அடங்கிய குரலில் பேசுவார்கள். அவர்கள் நடுவில் எங்கள் அக்கா. சுங்குடிப் புடவை, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட், தலையில் குரங்குக் குல்லாய், காலில் தம்பி வாங்கிக் கொடுத்த ஸ்போர்ட்ஸ் ஷூ.

அக்காவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எக்ஸ்சேஞ்ச் இங்கிலீஷ்தான். அதை வைத்தே கப்பலை ஆண்டார். காபி வரத் தாமதமானால், "மை கால் இஸ் பெண்டிங்!" இன்னொரு தோசை மாதிரியான பான்கேக் வேண்டுமென்றால், "எக்ஸ்டென்ஷன் ப்ளீஸ்!" ஆச்சரியம், எல்லாம் வந்தது.

எங்களுக்கு வழிகாட்டி ஒரு ஒல்லித் தாடிக்கார இளைஞன். அக்கா அவனுக்கு 'தாடித் தம்பி' என்று பெயர் வைத்துவிட்டார். முதல் நாளே ஒரு கரையோரம் தாய்க் கரடியும் குட்டியும் புல் மேய்ந்துகொண்டிருந்தன. மூச்சுவிடாமல் பார்க்கச் சொன்னான். அக்கா என் பக்கம் குனிந்து, "சாந்தி, பாவம்டி, சைவம்!" என்றார். தாய்க் கரடி இரண்டு காலில் எழுந்து நின்றது. எங்கள் படகை ஒரு பார்வை பார்த்தது. குட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. வழக்கமாக மனிதர்கள்தான் கரடியைப் பார்த்து இப்படிப் போவார்கள் என்றான் தாடித் தம்பி.

அடுத்தது திமிங்கலம். காலையிலிருந்து எல்லாரும் தண்ணீரையே முறைத்துக்கொண்டிருந்தோம். அக்கா பொறுமை இழந்து, "எங்கடி உன் திமிங்கலம்? இவ்ளோ நேரமா வெயிட்டிங்ல வெச்சிருக்கான்!" என்று கேட்டு முடிக்கவில்லை. பஸ் நீளத்துக்கு ஒன்று கப்பலுக்குப் பக்கத்திலேயே எழும்பி, எங்கள் மேல் தண்ணீரைத் தெளித்துவிட்டு விழுந்தது. அதிலிருந்து வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருவர் தன் நாற்காலியை எப்போதும் அக்காவுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். சத்தம் என்று கூட வந்தவர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் கூச்சம் பிடுங்கித் தின்றது. "அக்கா, மெதுவா" என்பதை ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் பனிமலை வந்தது. பாடப்புத்தகத்தில் பனியாறு என்று போட்டிருப்பார்கள். நேரில் பார்த்தால் ஆறு மாதிரியா இருக்கிறது? மலைகளுக்கு நடுவே நீலமும் வெள்ளையுமாக ஒரு கோட்டைச் சுவர் கடலில் வந்து நிற்கிறது. ரப்பர் படகில் பாதுகாப்பான தூரத்தில் போய் நின்றோம். சுற்றிலும் சின்னச் சின்ன ஐஸ் கட்டிகள் மிதந்தன. தாடித் தம்பி இன்ஜினை அணைத்தான். "இப்போது யாரும் பேச வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு ஐஸ் பேசுவதைக் கேளுங்கள்" என்றான்.

கேட்டோம். எத்தனையோ காலத்துக்கு முன் ஐஸுக்குள் அடைபட்ட காற்றெல்லாம் குமிழ் குமிழாக வெடித்து வெளியே வந்துகொண்டிருந்தது. படபடவென்று, கரகரவென்று, சுற்றிலும் பொரிந்தது. எனக்கு அந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்ட ஞாபகம். எங்கே என்று யோசித்தேன். அக்கா யோசிக்கவில்லை. கண்ணை மூடியிருந்த அந்த மனுஷிக்கு அது கெட்டுப்போன டிரங்க் லைன். அத்தனை வருஷப் பழக்கம் வாயைத் திறந்துவிட்டது.

"ஹலோ! ஹலோ! தாம்பரம் பேசறோம்! ஸ்பீக் அப் ப்ளீஸ்!"

மலை உடைந்தது.

சுவரிலிருந்து ஐந்துமாடிக் கட்டடம் ஒன்று கழன்று, அவசரமே இல்லாமல் சரிந்து, கடலில் விழுந்தது. இடி மாதிரி சத்தம் பிறகுதான் வந்தது. அலை வந்து படகைத் தூக்கி இறக்கியது. மற்றவர்கள் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். வழுக்கைத் தலைப் பெரியவர் அக்காவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒடைச்சிட்டேன்டி சாந்தி. அடுத்தவன் ஊர் மலைய ஒடைச்சிட்டேன்."

சத்தத்தால் பனிமலை உடையாது, அது தானாக அடிக்கடி உடைந்துகொண்டேதான் இருக்கும் என்று தாடித் தம்பி படம் போட்டெல்லாம் விளக்கினான். "நல்ல பிள்ள. என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றான்" என்றார் அக்கா. அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு எல்லாம் கைஜாடை.

கப்பல் சுடுகாடு மாதிரி ஆகிவிட்டது. சாப்பாட்டு மேஜையில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. உடம்பு சரியில்லையா என்று ஆளாளுக்கு என்னிடம் வந்து விசாரித்தார்கள். கப்பல் சமையல்காரர், கேட்காமலே பான்கேக் அடுக்கிக் கொண்டுவந்து வைத்து, அக்கா முகத்தையே பார்த்தார். அக்கா தலையை மட்டும் ஆட்டினார். அத்தனை வருஷமாக இந்த அம்மா கொஞ்சம் வாயை மூடினால் தேவலை என்று வேண்டிக்கொண்டவள் நான். வேண்டுதல் பலித்ததும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினேன். "எதாவது பேசுங்கக்கா. திட்டவாவது செய்யுங்க" என்றேன். உதட்டின் மேல் விரலை வைத்துக்காட்டினார்.

மறுநாள் கப்பல் ஒரு கிராமத்தில் நின்றது. அந்தக் கரையின் பூர்வகுடிகளான டிலிங்கிட் மக்களின் ஊர். வாசலில் காக்கையும் கரடியும் கழுகும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செதுக்கிய மரத்தூண்கள், உள்ளே தேவதாரு வாசனை வீசும் பெரிய கூடம். முரசு அடித்தார்கள், பாடினார்கள். விளிம்பெல்லாம் வெள்ளைப் பொத்தான் தைத்த சிவப்பும் கறுப்புமான போர்வைகளைப் போர்த்திக்கொண்டு ஆடினார்கள். பேச எழுந்த ஒவ்வொருவரும் முதலில் தாங்கள் எந்தக் குலம், எந்த வீடு, எந்த ஊர் என்று சொல்லிக்கொண்டார்கள். நடுநாயகமாக நாற்காலியில் ஒரு மூதாட்டி, எதையும் காதில் வாங்காமல், நடப்பதற்கெல்லாம் புன்னகை செய்துகொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் அக்கா நேரே அவர் முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். உதடு அசைந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே ஒன்றும் கேட்கவில்லை. அக்காவுக்கு மெதுவாகப் பேச வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மூதாட்டி காதருகே கையைக் குவித்தார். அவருடைய மகள் முன்னால் வந்து, "அம்மாவுக்குக் காது கேட்காது. மெஷின் வாங்கிக் கொடுத்தால் கழற்றி எறிந்துவிடுகிறார். யார் பேசினாலும் சிரித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். நீங்கள் நன்றாகக் கத்த வேண்டும்" என்றார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துக் கிசுகிசுத்தார். "இங்க பக்கத்துல ஐஸ் மலை எதுவும் இல்லையே?"

"இல்லக்கா. தைரியமா பேசுங்க."

அக்கா மூச்சை இழுத்தார்.

"ஐ ஆம் சாரி மேடம்! ஐ ப்ரோக் யுவர் மவுண்டன் வித் மை வாய்ஸ்!"

கூடம் அதிர்ந்தது. முரசுக்காரர் கையிலிருந்த கோல் கீழே விழுந்தது. மூதாட்டி விலுக்கென்று நிமிர்ந்தார். அவர் கண்கள் விரிந்தன. மகள் கையைப் பிடித்து உலுக்கி, "கேட்கிறது! ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறது!" என்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, ரொம்பவும் கவனமாகக் கேட்டார். "மலையிடம் என்ன சொன்னாய்?"

"ஹலோ, தாம்பரம் ஸ்பீக்கிங்!"

"தாம்பரம் என்றால்?"

"மை ஊர்! மை நேட்டிவ்!"

மூதாட்டி அக்காவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பனிமலைகளுக்குக் காது உண்டு என்று தங்கள் பெரியவர்கள் சொல்வார்கள், அவற்றின் முன்னால் கேலி பேசக் கூடாது, மரியாதையாகத்தான் பேச வேண்டும் என்றார். "நீ வணக்கம் சொன்னாய். எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறாய் என்று சொன்னாய். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும். அதில் தப்பு எங்கே இருக்கிறது? அது உனக்குப் பதில் சொல்லியிருக்கிறது."

நான் அதைத் தமிழில் சொன்னேன். அக்கா முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் ஏறியது.

"பதிலா? நான் ராங் நம்பர்னு இல்ல நெனச்சேன்!"

அப்புறம் பிடித்தது பாருங்கள் பேச்சு மழை. மற்றவர்கள் சால்மன் மீன் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் எதிரெதிரே நாற்காலி போட்டுக்கொண்டு கத்திக் கத்திப் பேசினார்கள். மீன் காயவைப்பது எப்படி, மருமகள்கள் ஏன் அப்படி இருக்கிறார்கள், செம்பாக்கம் ஏரியில் தண்ணீர் எவ்வளவு, ஒன்றும் பாக்கி இல்லை. மகள் சுவரோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அம்மா இத்தனை பேசி ரொம்ப நாளாயிற்று என்றார். கடைசியில் பொத்தான் போர்வை ஒன்றை அக்கா தோளில் போர்த்தி ஆடவிட்டார்கள். ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட கும்மி அது. வழுக்கைத் தலைப் பெரியவரும் சேர்ந்துகொண்டார்.

கப்பல் சங்கு ஊதிக் கூப்பிட்டது. "கமிங்!" என்றார் அக்கா. சங்கு நின்றுவிட்டது.

விடைபெறும்போது மூதாட்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "குனல்சீஷ்" என்றார்.

"குணசேகரா? அது யாருடி?"

"அவங்க பாஷையில நன்றின்னு அர்த்தமாம்க்கா."

ரப்பர் படகில் எழுந்து நின்று, "குணசேகர்! குணசேகர்!" என்று அக்கா கையாட்ட, கரையில் அந்த அம்மாவும் நிறுத்தாமல் கையாட்டிக்கொண்டே இருந்தார். அன்று சாப்பாட்டு மேஜையில், "எக்ஸ்டென்ஷன் ப்ளீஸ்!" என்ற குரல் கேட்டதும் சமையல்காரர் உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

சேலையூரில் இந்தக் கதையை அக்கா எல்லாரிடமும் சொன்னார். தனித்தனியாகச் சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. சில வருஷம் கழித்து தம்பி அவரைத் தன்னோடு சியாட்டிலுக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் பண்ணுவார். ரிசீவரை ஹால் மேஜைமேல் வைத்துவிட்டு, நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசிக்கொண்டிருப்பேன்.

போன மாதம் காது டாக்டரிடம் போயிருந்தேன். இடது காது கொஞ்சம் மந்தமாகியிருக்கிறது, வேலை செய்த இடத்தில் அந்தப் பக்கம் ஏதாவது பெரிய சத்தம் இருந்ததா, வைத்தியம் ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். எக்ஸ்சேஞ்சில் எனக்கு இடது பக்கத்து நாற்காலி அக்காவுடையது. "அது பாட்டுக்கு அப்படியே இருக்கட்டும் டாக்டர்" என்று எழுந்து வந்துவிட்டேன்.