குறை சொல்லாத பத்தொன்பது நாட்கள்

வளைகுடாவில் வேலை பார்ப்பவன் வீட்டுக்குப் போன் செய்தால் குறை சொல்ல வேண்டும். எழுதப்படாத சட்டம் அது. சோறு வேகவில்லை, சூப்பர்வைசர் சரியில்லை, பக்கத்துக் கட்டில்காரன் குறட்டை விடுகிறான் என்று அவன் புலம்பினால், கேரள எல்லையில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் பெற்றவர்கள் "பையன் நல்லா இருக்கறான்" என்று திருப்தியாகப் போனை வைப்பார்கள். இந்தச் சட்டத்தை நான் ஒரே ஒரு முறை மீறினேன். எந்த நோயும் இல்லாமல் நோயாளியாக ஊர் திரும்பியவன் என்ற பெருமை அதனால்தான் எனக்குக் கிடைத்தது.

அப்போது நான் சார்ஜாவில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். ஆறு பேருக்கு ஒரு அறை. கொடும் வெயில் காலத்தில் ஏசி நின்றுபோய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. ஆறு பேரும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தோம். கம்பெனி மனுவைத் தீவிரமாகப் பரிசீலித்து, மெக்கானிக்குக்குப் பதிலாக ஒரு பயிற்சியாளரை அனுப்பியது.

டை கட்டிய அந்த மனிதர் மெஸ் ஹாலில் நின்று, "வெப்பம் வெளியே இல்லை நண்பர்களே, மனதில் இருக்கிறது" என்றார். (அவர் நின்ற இடத்தில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.) வெளிநாட்டில் இருப்பவனுக்கு மன உறுதி வேண்டும், அதற்குச் சின்னச் சின்னப் பழக்கங்களை மாற்றினாலே போதும் என்று சொல்லி, ஆளுக்கொரு அட்டை கொடுத்தார். இருபத்தொரு நாள் பயிற்சி. குளியலின் கடைசி ஒரு நிமிடம் குளிர்ந்த நீர். யாருக்குப் பதில் சொல்வதானாலும் முதலில் மனதுக்குள் நான்கு வரை எண்ணுவது. தினம் ஒருவருக்கு மனமார நன்றி அல்லது மன்னிப்பு. எதைப் பற்றியும், யாரிடமும் குறை சொல்லாமை.

அட்டையைச் சோற்றுத் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் எங்கள் மேனேஜர் (கோட்டயத்துக்காரர், நல்ல மனிதர், அதுதான் பின்னால் வினையானது) எழுந்து, "ஸ்டோர் இன்-சார்ஜ் போஸ்ட் ஒண்ணு காலி ஆவுது. மனசு ஸ்ட்ராங் உள்ள ஆளைத்தான் போடும்" என்றார். இன்-சார்ஜ் என்றால் குடும்ப விசா உண்டு. எனக்கும் கோகிலாவுக்கும் கல்யாணமாகி ஒன்பது வருடம். சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம் தேறாது. மகள் யாழினி என்னைப் போனுக்குள் குடியிருக்கும் ஒரு ஆளாகத்தான் நினைத்திருந்தாள். அன்றே அட்டையைக் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். விசா கையில் வந்தபிறகு சொல்லி அசத்தலாம் என்று வீட்டில் மூச்சு விடவில்லை. பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

குளிர்ந்த நீர்ப் பழக்கம் முதல் நாளே தோற்றது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வந்த தண்ணீரில் நேராக டீத்தூளைப் போட்டிருக்கலாம். மற்ற மூன்றையும் விரதம் போலப் பிடித்துக்கொண்டேன்.

வழக்கமாக கோகிலா "சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்டால், மெஸ்காரனின் மூன்று தலைமுறையையும் இழுத்துப் பத்து நிமிடம் பேசுவேன். அன்று மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"ஏனுங்க, லைன்ல இருக்கறீங்களா?"

"இருக்கறேன் கோகிலா. சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு."

இப்போது அந்தப் பக்கம் நான்கு எண்ணும் அளவுக்கு அமைதி.

"ஏசி மாட்டீட்டாங்களா?"

"இல்ல. பரவால்ல, இதுவும் ஒரு அனுபவந்தானே."

ஐந்தாம் நாள், "இத்தன வருசமாக் குடும்பத்தப் பாத்துக்கற. உனக்கு ரொம்ப நன்றி" என்றேன். (எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டிக்கு நன்றி சொன்னால், அவள் முதலில் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். போனில் அந்த வசதி இல்லை.) ஒன்பதாம் நாள் மாமனாரைக் கூப்பிட்டு, பெண் கொடுத்ததற்கு நன்றி சொன்னேன். "இப்ப எதுக்குங்க மாப்ள அதெல்லாம்" என்று சொல்லி, போனை மாமியார் கையில் திணித்துவிட்டார்.

பதிமூன்றாம் நாள் மச்சான் சின்னச்சாமியின் முறை. கோகிலாவின் அண்ணன், தேங்காய் வியாபாரி. எங்கள் கல்யாணப் பந்தியில் எனக்கு அப்பளம் வைக்கவில்லை என்று ஆரம்பித்த தகராறில், ஒன்பது வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. நானாகக் கூப்பிட்டு, "அன்னைக்கு நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாதுங்க மச்சான். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பாசத்தில் கரைந்துவிட்டார் என்று அட்டையில் ஒரு டிக் போட்டேன்.

அன்று மாமனார் வீட்டில் நடந்த அவசரக் கூட்டத்தைப் பற்றிப் பின்னால்தான் தெரிந்தது. "சண்டைக்காரனக் கூப்புட்டு மன்னிப்புக் கேக்கறாரு, பொண்ணுக் குடுத்தவங்களுக்கு நன்றி சொல்றாரு. இது உசுர விடப் போறவங்க பேசற பேச்சு அம்முணி" என்று மச்சான் அழுதிருக்கிறார். மாமியார் பெரிய வியாதி என்றார். மாமனார் வேலை போய்விட்டது என்றார். கோகிலா மட்டும், "ஏசி இல்லாததப் போயி அனுபவம்னு சொல்றாருங்கப்பா. மூளைக்குத்தான் என்னமோ ஆயிருச்சு" என்றாளாம். நான்கு பேரில் அவள் கணிப்புதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

மச்சான் யார் யாரையோ பிடித்து மேனேஜரின் நம்பரை வாங்கிவிட்டார். எல்லையில் பிறந்தவனுக்குத் தமிழில் அழவும் தெரியும், மலையாளத்தில் மன்றாடவும் தெரியும். அவர் இரண்டையும் ஒரே போனில் செய்திருக்கிறார்.

பத்தொன்பதாம் நாள் மேனேஜர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். போஸ்ட்தான் என்று முடிவு செய்து, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு போனேன். அவர் கதவைச் சாத்தி, என்னை உட்கார வைத்து, தானே ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"மோனே, நினக்கு எந்தா பிரச்னை? மனசுல உள்ளத என்னோட சொல்லு."

நான்கு எண்ணினேன். "ஒரு பிரச்னையும் இல்ல சார். ரொம்ப சந்தோஷமா இருக்கேன்."

"ரூம்ல சூடு உண்டல்லோ?"

"சூடு மனசுலதான் சார் இருக்கு."

அவர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். தன் கம்பெனி சொல்லிக் கொடுத்த பாடம்தான் அது என்பது அவருக்கு நினைவில்லை. "நாட்டுக்குப் போ. ரண்டு மாசம் ரெஸ்ட் எடு. டிக்கெட் போட்டாச்சு. நாளைக்கு ஃபிளைட்" என்றார்.

மேசையைக் குத்திக் கத்தியிருக்க வேண்டிய இடம். பத்தொன்பது நாள் பழக்கம் சும்மா விடுமா? நிதானமாக நான்கு வரை எண்ணி, புன்னகைத்து, "ரொம்ப நன்றி சார்" என்றேன். அந்த நன்றிதான் என் கதையை முடித்தது. அதன்பிறகு நான் அட்டை, பயிற்சி, விசா என்று என்னென்னவோ விளக்கினேன். "இப்படி உள்ளவங்க எல்லாம் இதுதான் சொல்லும்" என்று முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் மாமனாரும் மச்சானும் கோகிலாவும் நின்றிருந்தார்கள். பெட்டியைத் தொடக்கூட என்னை விடவில்லை. "எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றேன். "ஒண்ணுமில்லீங்க மாப்ள, சரியாயிரும்" என்றார் மாமனார். மச்சானின் காரில் முன்சீட்டில் ஒரு மூட்டை தேங்காய். பின்சீட்டில் இருபுறமும் மாமனாரும் கோகிலாவும், நடுவில் நான். (கதவைத் திறந்து குதித்துவிடக் கூடாது என்ற ஏற்பாடாம்.) வீட்டுக்கு நேராகப் போகவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் ஓர் அம்மன் கோயிலில் என் முகத்தில் தண்ணீர் அடித்து, கையில் கயிறு கட்டி, அதன்பிறகே ஊர்ப் பாதையில் திரும்பினார்கள்.

கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட்டில் லாரி வரிசை. உச்சி வெயில். மச்சானின் காரிலும் ஏசி இல்லை. முக்கால் மணி நேரமாகக் கார் நகரவில்லை. கோகிலா இறங்கிப் போய் ஒரு டீ வாங்கி வந்து நீட்டினாள். ஆறிப்போய், மேலே ஆடை படிந்திருந்தது.

ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். மூன்று வரவில்லை.

"இதெல்லாம் ஒரு டீயா? ஏசி இல்லாத கார்ல நடுவுல நசுங்கிட்டு வர்றேன், தேங்கா மூட்டைக்கு முன்சீட்டு கேக்குது. யாரக் கேட்டுங்க மேனேஜருக்குப் போன் பண்ணுனீங்க? போஸ்ட்டு போச்சு, விசா போச்சு. மச்சான், நீங்க அன்னைக்கு அப்பளம் வெக்காதது வெக்காததுதானுங்க. நான் கேட்ட மன்னிப்பு வாபஸ்."

செக்போஸ்ட்காரர் குனிந்து காருக்குள் பார்த்துவிட்டு விலகிப் போனார். மச்சான் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். கோகிலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணா, ஊட்டுக்கு ஓட்டுங்க. எங்கூட்டுக்காரரு வந்துட்டாரு" என்றாள்.

அன்று மாலை அவளிடம் விசா விவரம் முழுவதையும் சொன்னேன். அவள் என் கையில் கட்டிய கயிற்றைத் திருகிக்கொண்டே பேசினாள்.

"விசா வேண்டாம்னு சொல்லலீங்க. ஆனா நீங்க என்ன திங்கறீங்க, எப்பிடித் தூங்கறீங்கன்னு எல்லாம் அந்தப் பொலம்பல்லதானுங்க எனக்குத் தெரியும். அதுலதான் உங்ககூட இருந்தேன். அதையும் புடுங்கீட்டீங்களே."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒன்பது வருடமாக அவள் காதில் குப்பை கொட்டுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். அதுதான் நாங்கள் குடும்பம் நடத்திய லட்சணம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

இன்-சார்ஜ் போஸ்ட், பயிற்சியின்போது கடைசி வரிசையில் தூங்கிய என் அறைக்காரனுக்குப் போனது. நான் இல்லாத நேரத்தில் அவன் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து சண்டை போட்டு ஏசியைச் சரிசெய்துவிட்டான். மன உறுதி உள்ள ஆள் என்று மேனேஜர் அவனைப் பாராட்டினாராம். விடுப்பு முடிந்து திரும்பிய எனக்கு அடுத்த போஸ்ட் வர ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை போனில் ஒரு நாள் விடாமல் புலம்பினேன்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாராவது காரணமில்லாமல் இனிமையாகப் பேசினால், "டிக்கெட் போட்டறலாமுங்களா?" என்று கேட்கிறார்கள். மனைவி வைத்த குழம்பைப் பாராட்டிய பாவத்துக்கு மச்சானையே அப்படிக் கேட்டிருக்கிறார்கள்.

கோகிலாவும் யாழினியும் இப்போது இங்கே சார்ஜாவில் என்னோடு இருக்கிறார்கள். வந்த நாளிலிருந்து கோகிலா இந்த ஊரின் வெயில், பால், லிஃப்ட் என்று ஒன்றையும் விட்டுவைக்காமல் திட்டுகிறாள். போன வாரம் ஒரு நாள், பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டே, "இந்த ஊரும் நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள்.

"என்னாச்சு கோகிலா? டிக்கெட் போடட்டுமா?" என்றேன்.

"டிக்கெட்டு கெடக்குதுங்க. இருக்கற கிளிப்பு அத்தனையும் ஒடஞ்சு போச்சு, எத்தன தடவ சொல்றது? ஒரு மனுசன் காதுல வாங்குனாத்தானே" என்றாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.