‘நாளை’யை அழிக்க வேண்டாம், மாமா

அன்புள்ள சின்ன மாமாவுக்கு,

வணக்கம். இங்கே அம்மா, நான், தையல் இயந்திரம் மூவரும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நம் ஏழு தையல்கடைகளும் பயன்படுத்தும் மென்பொருளில் யாரோ செய்த குறும்புகளை, யார் எதை மாற்றினாலும் பேரோடு பதிவாகும் அதன் வரலாற்றிலிருந்தே துடைத்துவிடலாமா என்று நேற்று இணையத்தில் நடந்த குழுக் கூட்டத்தில் கேட்டீர்கள். ஏழு கடைக்காரர்களும் சரி என்றார்கள். நான் மட்டும் வேண்டாம் என்று பலமாகத் தலையாட்டினேன். கேமராவை அணைத்து வைத்திருந்தது பிறகுதான் ஞாபகம் வந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

குறும்பை நான் நியாயப்படுத்தவில்லை. ‘ஊசி’ என்ற பெயரில் வந்த அந்த ஆள், இடுப்பு நாற்பதைத் தாண்டினால் ‘மூச்சை இழுத்துப் பிடிக்கவும்’ என்று திரையில் வரும்படி எழுதிவிட்டார். எங்கள் மாஸ்டருக்குத் திரையில் வருவதெல்லாம் வேதவாக்கு. ஒரு பெரியவரிடம், “சார், மூச்சை இழுத்துப் பிடிங்க, கம்ப்யூட்டர் சொல்லுது” என்றார். அவரும் பிடித்தார். அந்த அளவுக்கே பேன்ட் தைத்தோம். போட்டுப் பார்த்தவர் “நல்லா இருக்கு” என்று சொல்ல வாயைத் திறந்தார், பொத்தான் பறந்து மாஸ்டர் மூக்குக்கண்ணாடியில் பட்டது. அடுத்து, ‘சட்டைக்கு எத்தனை கை?’ என்று வந்தது. மாஸ்டர் அதையும் கேட்டார். வந்தவர், “உங்க வசதிப்படி வைங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாவது குறும்பு, ரசீதில் எந்தத் துணிக்கும் கொடுக்கும் தேதி ‘நாளை’ என்றே விழுவது. ஏழு கடையிலும் ஒரு மாதம் யாருமே கண்டுபிடிக்கவில்லை. வழக்கமாக நாம சொல்றதுதானே என்று விட்டுவிட்டார்கள். நான்தான் பார்த்தேன். இரண்டு நாள் தேடி அந்த வரியைப் பிடித்து, திருத்தி, உங்களுக்கு அனுப்பினேன். “சேர்த்தாச்சு. இனிமே என்கிட்ட அனுப்பாம நீயே நேரா மென்பொருள்ல சேர்க்கலாம்” என்று எழுதினீர்கள். அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை அந்த வரலாற்றில் என் பேரைப் படித்தாள்.

மாமா, குறும்பைத் துடைத்தால் அதைத் திருத்தியதும் சேர்ந்து போய்விடும். ஒன்பதாவதோடு நின்ற எனக்கு, பேர் நிற்கிற இடம் இது ஒண்ணுதான். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில்கூட அடிச்சிட்டாங்க. பெரிய கடைக்காரங்க நம்ம மென்பொருளைப் பார்க்க வர்றாங்க, மானம் போயிடும்னு பயப்படுறீங்க. பார்க்கட்டுமே! கெட்டதும் அதில் இருக்கு, சரியானதும் அதில்தானே இருக்கு. சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க.

அத்தைக்கு என் அன்பு. உட்கார்ந்தே இருக்காமல் அவ்வப்போது எழுந்து நடங்கள், முதுகுவலி குறையும்.

இப்படிக்கு,
தலையாட்டியது தெரியாமல் போன
உங்கள் அக்கா மகள்

பி.கு.: அனுப்பப் போகும்போது மாஸ்டர் வந்தார். நான் திருத்தியதிலிருந்து ரசீதில் சரியான தேதி விழுகிறதாம். வாடிக்கையாளர்களும் அதே தேதியில் டாண் என்று வந்து நிற்கிறார்களாம். “உனக்குப் புண்ணியமாப் போகும், அந்த ‘நாளை’யைத் திரும்பப் போட்டுடும்மா” என்று கும்பிட்டார். எனக்குத்தான் யாரிடமும் முடியாது என்று சொல்ல வராதே. போட்டுவிட்டேன், என் பேரிலேயே. இப்போது ஏழு கடையிலும் நாளைதான். மாமா, அதை மட்டும் வரலாற்றிலிருந்து துடைத்துவிடுங்கள். நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே.