நோய்க்கு முன்பே டோக்கன் எடுத்த பராதி மாமா

திருவனந்தபுரத்து மருத்துவர்களை இரண்டே இனமாகப் பிரிக்கலாம்: பராதி மாமாவின் புகாருக்கு ஆளானவர்கள், இன்னும் ஆளாகாதவர்கள். இரண்டாம் இனம் வேகமாக அருகி வருகிறது!

கரமனையில் எங்கள் அறக்கட்டளை நடத்தும் அவசர சிகிச்சை நிலையத்திற்கு நான் கௌரவச் செயலாளர். கல்லூரி நாள் முதல் என் பெயரில் கறை படிந்ததில்லை. நிலையத்தின் பெயரிலும் படிய விடுவதில்லை என்பது என் விரதம். அந்த விரதத்தைச் சோதிக்கவே பிறவி எடுத்தவர் மாமா. மலையாளத்தில் பராதி என்றால் புகார். அவருடைய இயற்பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருக்குமா என்பது ஐயமே.

மாலைதோறும் வந்து டோக்கன் எடுத்துக்கொண்டு அமர்வார். உடம்புக்கு என்னவென்று கேட்டால், "இப்போ ஒண்ணும் இல்லை. என் முறை வரதுக்குள்ளே ஏதாவது வந்துடும், அல்லே?" என்பார். வந்தும் விடும்!

பிறகு என் அறையில் முழக்கம். "அந்த டாக்டர் என் மூஞ்சியை நோக்கவே இல்லை சாரே! கம்ப்யூட்டரைப் பாத்துண்டே 'வாயு'ங்கறார். வாயு எனக்கா, கம்ப்யூட்டருக்கா?" மருந்து எழுதாத மருத்துவர் கஞ்சன், எழுதியவர் மருந்துக் கடையின் ஏஜென்ட். ஒருவர், "நீங்கள் நலமாக இருக்கிறீர்கள்" என்றே சொல்லிவிட்டார். அந்த அவமதிப்பை மாமா இன்றுவரை மன்னிக்கவில்லை.

இந்நிலையில் விழிஞ்ஞத்திலிருந்து ஓர் இளம் பெண் மருத்துவர் பணியில் சேர்ந்தார். சேர்ந்த சில நாட்களிலேயே இடி விழுந்தது! எங்கள் பெரிய நன்கொடையாளரான பழவங்காடி ஜவுளி வியாபாரி சீறிக்கொண்டு வந்தார்.

"காதுவலியோட என்னை ஒரு மணிக்கூர் இருத்திட்டா சாரே! பின்னால வந்த மீன்காரனை முன்னால கூட்டிட்டுப் போறா. இவ போகணும், இல்லேன்னா நான் பத்திரிகைக்குப் போவேன்!"

நிர்வாகக் குழு கூடியது. "அவருக்கு மூச்சே ஒழுங்கா வரல்ல சாரே" என்று மட்டும் சொல்லிவிட்டு மருத்துவர் தலைகுனிந்து நின்றார். நிலையத்தின் மானமா, அந்தப் பெண்ணின் வேலையா? அனுப்பிவிடலாம் என்று உறுப்பினர்கள் முணுமுணுக்கத் தொடங்கிய வேளையில், கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார் மாமா.

"எனக்கொரு பராதி உண்டு!"

வியாபாரியின் முகம் மலர்ந்தது. "கேளுங்க சாரே, இவரும் அன்னைக்கு அங்கேதான் இருந்தார்!"

"இருந்தேன். என் டோக்கனையும் தாண்டித்தான் அந்த மீன்காரரைக் கொண்டுபோனா. ஆனா நடுவிலே ஓடி வந்து, 'மாமா, அவருக்கு மூச்சு முட்டறது, கொஞ்சம் பொறுக்கணும்'னு சொன்னா. இதோ, இந்த ஜவுளிக்காரர்கிட்டேயும் சொன்னா. இத்தனை வருஷத்திலே, ஏன் காத்திருக்கோம்னு என்கிட்டே சொன்ன முதல் டாக்டர் இவளாக்கும்!"

"பின்னே பராதி யார்மேல் ஓய்?" என்றேன்.

"இவர்மேலே!" விரல் வியாபாரியை நோக்கி நீண்டது. "அந்த ஒரு மணிக்கூரும் ஃபோன்லே சேலை விலை பேசிண்டிருந்தார். வலிச்சது ஃபோன் வெச்ச காதா, மத்ததான்னு கேளுங்கோ!"

வியாபாரியின் கை தன்னையறியாமல் வலக்காதுக்குப் போய், சற்று யோசித்து, இடக்காதுக்கு மாறியது. குழு, நான் தலைமை வகிப்பதையும் மறந்து, வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்று சிலர் சொல்வது மிகை.

வியாபாரி போனார், நன்கொடையும் உடன் போயிற்று. மருத்துவர் இருந்தார்.

மறுநாள் மாலை மாமா மீண்டும் என் அறை வாசலில்.

"டாக்டர் குட்டிக்கு இன்னிக்கு லீவு கொடுத்தது யாரு சாரே? நான் யார்கிட்டே போய் சண்டை போடுவேன்?"

அந்தப் புகாரை மட்டும் நான் எழுந்து நின்று கேட்டுக்கொண்டேன்.