குடைக்காரரின் முகவரி

டைல்ஸ்காரர் தன் மனைவிக்குத் தர வேண்டிய பாக்கி சரியாக ஐந்து பாட்டு. பாரிஸ், வியன்னா, ரோம், பிராக், லிஸ்பன் என்று ஊருக்கு ஒன்று.

ஒப்பந்த வேலைக்குப் போன பதினொரு மாதத்தில் போனில் அவரே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது. "அந்தந்த ஊர்ப் பாட்டா ஒண்ணு புடிச்சு, உனக்குன்னு கோத்துக் கொண்டாறேன்" என்றிருந்தார். உண்மையில் ஐந்து ஊரிலும் அவர் பார்த்தது ஐந்து ஓட்டல்களின் குளியலறைத் தரை. கேட்டது கல் வெட்டும் மெஷின் சத்தம். விடியுமுன் வேனில் ஏற்றி, இருட்டிய பின் இறக்கிவிட்டால் எந்த ஊரும் ஒரே ஊர்தான்.

மனைவியோ, "எங்க வீட்டுக்காரர் ஊர் ஊரா பாட்டு கேட்டுட்டு வந்திருக்கார்" என்று மாடிப்படி முழுக்க, வீட்டுக்கு வீடு சொல்லி வைத்திருந்தாள். முட்டி தேய உழைத்துவிட்டு வந்தவருக்கு அந்தப் பெருமை ஒன்றுதான் மிச்சம். அதைப் போட்டு உடைக்க மனசு வரவில்லை. வந்த நாளிலிருந்து அவள் பாட்டைப் பற்றி எதைக் கேட்டாலும் "ம்", "சரி" என்றே ஓட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் தெருமுக்குச் செல்போன் கடைக்குப் போனார்.

"தம்பி, ஐரோப்பாப் பாட்டா அஞ்சு ஏத்திக் குடு."

கடைக்காரன் இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டு ஒரு பென்டிரைவை நீட்டினான். "ஒரு நாளைக்கு ஒண்ணுதான் கேக்கணும்ணே."

முதல் நாள் பாரிஸ். யாரோ ஒரு ஆள் கரகரத்த குரலில் பாடினான்.

"யாருங்க இவரு?" என்றாள் மனைவி.

டைல்ஸ்காரர் கண்ணில் மூலையில் சாத்தியிருந்த குடை பட்டது. "குடை ரிப்பேர் பண்றவர். ஆத்தங்கரையில உக்காந்து பாடுவார்."

"ஆறு பெரிசா?"

"பெரிசுதான். ரெண்டடிக் கல்லு போட்டா ஒரு லாரி போதாது."

மறுநாள் வியன்னா. பொத்தானை அழுத்தினால் அதே கரகரத்த குரல், அதே பாட்டு.

"நேத்து கேட்டதுதானே இது?"

"அதே ஆளுதான். ரயில்ல என்கூடவே வந்துட்டார்."

"டிக்கெட்டு?"

"நான்தான் எடுத்தேன்."

"ஓகோ! குடைக்காரருக்கு ரயில் டிக்கெட். கட்டினவளுக்குப் பஸ் டிக்கெட் எடுக்கத்தான் கை நடுங்குது!"

பாவப்பட்டு எடுத்ததாகச் சொல்லிச் சமாளித்தார். பாவத்துக்குக் காரணமாக ஒரு மகளை உண்டாக்கினார். மகளுக்கு ரோமில் கல்யாணம் வைத்தார்.

மூன்றாம் நாள் மேல்மாடித் தையல்காரம்மா நாற்காலியோடு வந்துவிட்டாள். மச்சினனும் வந்திருந்தான். ரோம் பாட்டு துள்ளிக் குதித்தது.

"கல்யாணப் பாட்டு" என்றார்.

மச்சினன் காதைத் தீட்டினான். "மச்சான், இது டி.வி.யில வர்ற துணி சோப்பு விளம்பர மெட்டாச்சே!"

எல்லோரும் டைல்ஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொண்ணுக்கு அந்த சோப்புக் கம்பெனியிலதான்டா வேலை. மொதலாளியே வந்து பாடினார்."

மனைவி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான்காம் நாள் பிராக். உட்கார இடமில்லை, ஆட்கள் வாசற்படிவரை நின்றார்கள். பாட்டில் வயலின் ஒன்று விம்மியது. கதையை இதோடு முடித்துத் தொலைத்தால்தான் நிம்மதி என்று, டைல்ஸ்காரர் குடைக்காரரைச் சாகடித்துவிட்டார்.

"ஐயோ! எப்படிங்க?"

"குளியலறையில வழுக்கி. வழவழப்புக் கல்லு போடாதீங்க, போடாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். எவன் கேட்டான்?"

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் மனசார, கண் கலங்கச் சொன்னார். தையல்காரம்மா தேம்பினாள். மனைவி துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் தையல்காரம்மா கதவைத் தட்டினாள். கையில் கடிதம். குடைக்காரர் மகளுக்கு ஆறுதல் சொல்லி, இருபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"அந்தப் பொண்ணு முகவரி சொல்லுங்க. தபால்ல போட்டுடலாம்."

"தேடித் தர்றேன்மா" என்று செருப்பை மாட்டியவர் நேரே செல்போன் கடையில் போய் நின்றார். அவருக்கு மூச்சிரைத்தது.

"ஏன்டா, அஞ்சு பாட்டு கேட்டா ஒண்ணையே ரெண்டு தடவை ஏத்தி, சோப்பு விளம்பரத்தையும் சொருகிக் குடுத்திருக்கியே! இனிமே என்னால ஆகாது. அவகிட்ட உண்மையைச் சொல்லிடப் போறேன்."

கடைக்காரன் பதறி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கெடுத்துடாதீங்கண்ணே! நீங்க வந்து கேட்ட அன்னிக்கே உங்க பின்னாடியே அண்ணி வந்து விசாரிச்சு, 'அந்த மனுஷன் என்ன புளுகுறார்னு பாப்போம்'னு ஒவ்வொண்ணையும் அவங்களேதான் பொறுக்கி எடுத்துக் குடுத்தாங்க. இன்னிக்குச் சாயங்காலத்துக்கு முப்பது நாற்காலி வாடகைக்குச் சொல்லியிருக்காங்க. லிஸ்பன் பாட்டைக்கூடத் தள்ளுபடி பண்ணிட்டாங்களாம், கதை மட்டும் போதுமாம்!"