லிஃப்ட் ஏறிய மீன்

“அத்தை, இது என்ன?”

“கேரியர். கண்ணு தெரியலையா மாப்பிள்ளை?”

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. அதுதான் பிரச்சினை. வெள்ளை வெளேரென்ற மேசை விரிப்பின் நடுவில் அடுக்கு கேரியர் ஒன்று கால் மேல் கால் போட்டு உட்காராத குறையாக உட்கார்ந்திருந்தது. பக்கத்திலேயே ஓட்டல்காரர்கள் நிறுத்தி வைத்திருந்த அட்டை: ‘வெளி உணவு, பானங்களுக்கு அனுமதி இல்லை.’ கேரியரும் அட்டையும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.

“உள்ள என்ன அத்தை இருக்கு?”

“மீன். என் கையால பொரிச்சது. இங்க எவனோ எண்ணெயில முக்கி எடுக்கறதை எல்லாம் என் பொண்ணு திங்கணும்னு தலையெழுத்தா?”

மெக்கானிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மெத்தை அவரை அப்படியே விழுங்கியது.

பல வருடமாக அவர் இந்த ஓட்டலில் ஒப்பந்த ஆள். நாளை காலை நிரந்தர வேலைக்கான ஆர்டர் கைக்கு வரவேண்டும். இந்த ஓட்டலில் ஒரு வழக்கம் உண்டு. யாரை நிரந்தரமாக்குவதாக இருந்தாலும், அதற்கு முந்தின நாள் அவர் குடும்பத்தோடு வந்து விருந்தாளியாகத் தங்க வேண்டும். விருந்தாளியின் கஷ்டம் தெரிந்தவன்தான் ஒழுங்காக வேலை செய்வான் என்பது மேனேஜரின் கட்சி. ஒழுங்காகத் தங்கத் தெரியாதவனுக்கு ஆர்டர் கிடையாது என்பதும் அவர் கட்சிதான். போன முறை ஒரு தோட்டக்காரர் அறையிலிருந்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டே வீட்டுக்குப் போய், இன்றுவரை ஒப்பந்தத்திலேயே இருக்கிறார்.

இத்தனைக்கும் மெக்கானிக்குக்குக் கட்டடம் பழக்கம்தான். ஆனால் அவர் பார்த்த ஓட்டல் பின்வாசல், லிஃப்ட் குழி, கிரீஸ், இருட்டு, அவ்வளவுதான். யானையின் வயிற்றுக்குள் குடித்தனம் நடத்தியவர் இன்றுதான் வெளியே வந்து யானையைப் பார்க்கிறார்.

முன்வாசலில் சீருடைக்காரர் ஒருவர் கதவைத் திறந்து தலை குனிந்தபோது, பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று மெக்கானிக் மரியாதையாக ஒதுங்கி நின்றார். யாரும் வரவில்லை. சீருடைக்காரரும் நிமிரவில்லை. ஏசி காற்று பாதி தெருவுக்குப் போன பிறகு மனைவிதான் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினாள். உள்ளே கம்பளத்தில் கால் புதைந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். தலைக்கு மேலே கண்ணாடி விளக்கு ஒரு மழை பாதியில் நின்றதுபோல் தொங்கியது. அதை மாட்டியிருக்கும் கொக்கி எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப் போட்டவர், பயந்து தள்ளி நடந்தார்.

குளியலறைக்குள் போன மனைவி இன்னும் வெளியே வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

“என்னங்க, நம்ம வீட்டையே தூக்கி இதுக்குள்ள வெச்சிடலாம் போலிருக்குங்க!”

“முதல்ல நீ வெளிய வா. உங்க அம்மா கேரியர் கொண்டு வந்திருக்காங்க.”

“கொண்டு வரட்டுமே. தனியா பஸ் ஏறி, எனக்காகத் தூக்கிட்டு வந்திருக்காங்க.”

“மீனு!”

குளியலறையில் குழாயை மூடும் சத்தம் கேட்டது. “வறுவலா?” என்றது குரல், பாசத்தோடு.

மெக்கானிக் அவசரமாக ஒரு திட்டம் போட்டார். “அத்தை, இப்பவே மூணு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டு முடிச்சிடலாம். சாட்சியே இருக்காது.”

“இப்பத்தான் மாத்திரை போட்டேன். ராத்திரிதான் சாப்பிடுவேன்.”

“அப்ப நாங்க ரெண்டு பேரும்...”

“நான் பொரிச்ச மீனை நான் இல்லாம திங்கறதா? நல்லா இருக்கே மாப்பிள்ளை உங்க நியாயம்!”

ஜன்னலைத் திறந்து வாசனையையாவது வெளியே அனுப்பலாம் என்று போனார். அது திறக்கிற ஜாதி ஜன்னல் இல்லை. கேரியரை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திய நேரம், வாசல் மணி அடித்தது. படுக்கை சரிசெய்ய வந்த அம்மாள்.

அவர் தலையணையைத் தட்டிக்கொண்டே மூக்கைத் தூக்கினார். “சார், ஏதோ வாசனை வருதே?”

“தைலம்,” என்றார் மெக்கானிக். “எங்க அத்தைக்கு முட்டி வலி.”

“மீன் வாசனை மாதிரி...”

“மீன் எண்ணெயில காய்ச்சின தைலம்.”

மாமியாருக்குச் சுருக்கென்றது. “யாருக்கு முட்டி வலி? இன்னிக்குக்கூட ஓடிப் போய்த்தான் பஸ்ஸைப் பிடிச்சேன்.”

“பார்த்தீங்களா?” என்றார் மெக்கானிக், படுக்கைக்கார அம்மாளிடம். “அப்படிப்பட்ட தைலம்.”

அந்த அம்மாளின் கையிலிருந்து தலையணை நழுவியது. மாமியாரின் முட்டியை அவர் பார்த்த பார்வையில் அப்படி ஒரு பக்தி. “எங்க மேனேஜர் சார் முட்டி வலியால படாத பாடு படறாரு. எப்படியும் இப்ப உங்களைப் பார்க்க இங்கதான் வரப் போறாரு. நான் போய்ச் சொல்லிடறேன். கொஞ்சம் எடுத்து வைங்க சார்.”

போகிற போக்கில் நல்லெண்ணத்தோடு அறை முழுக்க ரோஜா வாசனையையும் பீய்ச்சிவிட்டுப் போனார். இப்போது அறையில் ரோஜாத் தோட்டத்துக்குள் மீன் சந்தை கூடிய மாதிரி இருந்தது.

“போச்சு,” என்றார் மெக்கானிக். “மேனேஜர் தைலம் கேட்டு வரப் போறாரு.”

“வரட்டும். ரெண்டு துண்டு கொடுத்தனுப்பலாம்,” என்றார் மாமியார். “முட்டி கேக்குதோ இல்லியோ, வாய் கேக்கும்.”

மெக்கானிக் கேரியரை அறையிலிருந்த துண்டில் சுற்றினார். குழந்தையைத் தூக்குவதுபோல் தோளில் சாய்த்துக்கொண்டு நடைவழிக்கு வந்தார். உலகத்தில் வேறு எந்த விருந்தாளிக்கும் தெரியாத ஓர் இடம் அவருக்குத் தெரியும். லிஃப்ட் பெட்டியின் தலை. லிஃப்டைக் கீழ்மாடிக்கு அனுப்பி நிறுத்தினார். இந்த மாடிக் கதவைத் தன் இடுப்புச் சாவியால் திறந்தார். கீழே நின்ற பெட்டியின் கூரைமேல், கம்பிவடத்துக்குப் பக்கத்தில் கேரியரை அலுங்காமல் வைத்தார். கதவைச் சாத்தினார். கையைத் துடைத்துக்கொண்டார். சாட்சியும் இல்லை, வாசனையும் இல்லை. இப்படி ஒரு மூளையை நிரந்தரமாக்காமல் வேறு எதை நிரந்தரமாக்குவது என்று அவருக்கே தோன்றியது.

ஒன்றை மட்டும் அவர் மறந்துவிட்டார். அன்று அவர் விருந்தாளி அல்லவா, மெக்கானிக் புத்தியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். போன மாதம் அந்தக் கூரையில் புது விசிறி மாட்டியதே அவர்தான். மேலே இருக்கும் காற்றை இழுத்து உள்ளே நிற்பவர்கள் முகத்தில் அடிக்கிற விசிறி. நல்ல விசிறி. அதன் மோட்டாரை ஒட்டித்தான் கேரியர் உட்கார்ந்திருந்தது. மோட்டார் சூட்டில் மீன் மறுபடியும் உயிர் பெற்றது. பிறகு மாடி மாடியாக ஏறி இறங்க ஆரம்பித்தது.

கொஞ்ச நேரத்தில் அறைத் தொலைபேசி அடித்தது. வரவேற்பறைப் பெண்.

“சார், இன்னிக்கு நீங்க விருந்தாளின்னு தெரியும். தப்பா எடுத்துக்காதீங்க. லிஃப்ட்ல ஏதோ ஆயிடுச்சு. கொஞ்சம் கீழ வர முடியுமா?”

“நின்னுடுச்சா?”

“லிஃப்ட் ஓடுது சார். ஏறினவங்கதான் யாரும் இறங்க மாட்டேங்கறாங்க.”

மெக்கானிக் படி வழியாக ஓடினார். கீழே லிஃப்ட் வாசலில் ஒரு கூட்டம் பேச்சுச் சத்தமே இல்லாமல் நின்றது. மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. லிஃப்ட் வந்து கதவு திறந்தது. உள்ளே கோட்டும் டையுமாக ஒருவர் கண்ணை மூடி, முகத்தை விசிறிக்குக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரு கணவனும் மனைவியும் கையைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் இன்றுதான் கோத்தார்கள் போலிருந்தது.

“எந்த மாடி சார்?” என்று யாரோ கேட்டார்கள்.

“எதுவா இருந்தா என்ன?” என்றார் கோட்டுக்காரர், கண்ணைத் திறக்காமல்.

கதவு மூடிக்கொண்டது. கூட்டம் பெருமூச்சு விட்டது.

ஒரு தூணருகே மேனேஜர் நின்றிருந்தார், முட்டியைத் தடவிக்கொண்டு. பக்கத்தில் உயரமான வெள்ளைத் தொப்பியோடு தலைமைச் சமையற்காரர், எல்லோரும் செஃப் என்று கூப்பிடுகிறவர்.

“நம்ம கிச்சன் வாசனையாய்யா இது?” என்று கேட்டார் மேனேஜர்.

“நம்ம கிச்சன்லேர்ந்து இப்படி ஒரு வாசனை வந்துச்சுன்னா, நான் அன்னிக்கே தொப்பியைக் கழட்டி வெச்சிட்டுப் போயிடுவேன் சார்,” என்றார் செஃப். “இது வெளிச் சாப்பாடு. எவனோ உள்ள கடத்தியிருக்கான்.”

“மெக்கானிக், எங்கேர்ந்து வருதுன்னு பாருப்பா.”

திருடனிடமே பூட்டைத் திறக்கச் சொன்னால் அவன் என்ன செய்வான்? திறந்தார். லிஃப்டைக் கீழ்மாடியில் நிறுத்திவிட்டு, தன் அறை இருந்த மாடிக்குப் போய், சாவியைப் போட்டு, மேனேஜரும் செஃப்பும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கையை நீட்டிக் கேரியரை எடுத்தார். துண்டில் ஓட்டலின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

“யாரோ வெச்சிருக்காங்க சார்,” என்றார். குரல் அவருடையதுபோல் இல்லை.

“யாரு? லிஃப்டோட மண்டை மேல வெக்கறதுக்கு யாருக்குய்யா வழி தெரியும்?”

மெக்கானிக் பதில் தேடுவதற்குள் நடைவழியின் அந்தக் கோடியிலிருந்து பதில் நடந்து வந்தது.

“மாப்பிள்ளை! ஊரெல்லாம் தேடறேன், என் கேரியரைத் தூக்கிட்டு இங்க என்ன பண்றீங்க?”

மாமியாருக்குப் பின்னால் வந்த மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேனேஜர் அவர்களைப் பார்த்தார். மெக்கானிக்கைப் பார்த்தார். கேரியரைப் பார்த்தார்.

“காலையில ஆர்டர் கொடுக்கறதா இருந்தேன்ப்பா,” என்றார் வருத்தமாக. “உன் வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா இந்த ஓட்டல்ல இருக்கறது ஒரே ஒரு சட்டம். அதைப் போய்...”

பேசிக்கொண்டே இருந்தவரின் கை தானாகப் போய்க் கேரியரைத் திறந்தது. ஒரு துண்டை எடுத்தது. வாயில் போட்டது. இதில் மேனேஜருக்குப் பங்கு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

லிஃப்ட் வந்து நின்றது. கோட்டுக்காரர் முதல்முறையாக வெளியே இறங்கினார், சத்தம் காட்டாமல்.

மேனேஜர் மென்றார். கண் கலங்கியது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

“செஃப்,” என்றார் மெதுவாக. “எத்தனை வருஷமா உன்கிட்டத் தலைபாடா அடிச்சிக்கிறேன்? இதைத்தான்யா கேட்டேன். இதுதான்யா சமையல்!”

செஃப் ஒரு சிறு துண்டைப் பிய்த்து நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. “இதுவா? உப்பு ஒரு பக்கம் ஓடுது, காரம் ஒரு பக்கம் ஓடுது. இதைப் பொரிச்ச கையில ஆயுசுக்கும் கரண்டியே கொடுக்கக் கூடாது சார்.”

“நாக்கு செத்தவன் பேச்சு,” என்றார் மாமியார். “தொப்பிக்காரத் தம்பி, கேட்டுக்கோ. அடுப்பு மெல்ல எரியணும். மனசுல கோபம் இருக்கக் கூடாது. மீனைத் திருப்பிப் போடறப்ப பெத்த பிள்ளையைப் புரட்டிப் படுக்க வெக்கிற மாதிரி போடணும். இதெல்லாம் கடையில வராது. வீட்டுக் கைக்குத்தான் வரும்.”

கோட்டுக்காரர் தலையைப் பலமாக ஆட்டினார். மேனேஜர் மாமியாரின் அந்த வீட்டுக் கையையே கண் கொட்டாமல் பார்த்தார்.

“அம்மா, நீங்க இங்கயே வேலைக்கு வந்துடணும். நாளைக்கே. செஃப் உங்களுக்குக் கீழ நின்னு கத்துக்கட்டும்.”

“சார்,” என்றார் மெக்கானிக். “அப்ப என் ஆர்டர்?”

“சட்டம் சட்டம்தான்ப்பா. கொண்டு வந்தது தப்பு, அதனால உனக்கு இல்ல. பொரிச்சது தெய்வம், அதனால அவங்களுக்கு.” மேனேஜர் நடைவழித் தொலைபேசியை எடுத்தார். “யாரு அங்க, நாலு தட்டு மேல கொண்டு வாங்க, உடனே.”

மாமியார் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். செஃப் தொப்பியைக் கழற்றிவிட்டார். மனைவிக்கு அழுவதா, அம்மாவைப் பார்த்துப் பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. மெக்கானிக் லிஃப்ட் குழிக்குள் எட்டிப் பார்த்தார். இனிமேல் அந்த இருட்டுதான் அவருக்கு.

தட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு படியேறி வந்த பணிப்பெண், மாமியாரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

“அட, அம்மா நீங்களா! மத்தியானம் நம்ம ஓட்டல் பின்பக்கப் பார்சல் கவுண்டர்ல காலி கேரியரை நீட்டி, செஃப் சார் பொரிச்ச மீன்னு நான் சொன்னதும் மொத்தத்தையும் வாங்கிட்டுப் போனீங்களே... எப்படிம்மா இருந்துச்சு?”