லீமா சோற்றில் என்ன போட்டாள்?

டைட்டஸ் அண்ணாந்து தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் லீமா அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றோடு நாலாவது நாள்.

"என்னட்டி பாக்குத?"

"ஒண்ணுமில்ல. இன்னொரு மடக்கு குடிங்க."

அவன் குரல் கரகரத்தது. கடியப்பட்டணம் கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவனுக்குத் தொண்டை கட்டுவது புதிதல்ல. ஆனால் இந்தமுறை இரண்டு மாதமாகியும் விடவில்லை. ஊரே சுக்குக் கஷாயம் சொன்னது. லீமா மட்டும் வாய் திறக்கவில்லை. அதுதான் அவனுக்குச் சந்தேகம். பதினெட்டு வருடக் குடும்பத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் விட்ட விஷயமே கிடையாது.

ஞாயிறு மத்தியானம் மரவள்ளிக்கிழங்கும் சாளை மீன் குழம்பும். மூன்றாவது வாய் தொண்டையில் நின்றுகொண்டது. நிமிர்ந்தான். லீமா அவனைச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இது எதுக்குட்டி?"

"சும்மா. ஒரு ஞாபகத்துக்கு."

உயிரோடு இருக்கிறவனை யார் ஞாபகத்துக்கு எடுக்கிறார்கள்?

மறுநாள் கூட்டாளி அனிஷிடம் சொன்னான்.

"சோத்துல ஏதாம் போடுதாளோ என்னவோ மக்கா," என்றான் அனிஷ். "பூனைக்கு வச்சுப் பாரு."

வைத்தான். பூனை தின்றுவிட்டு இன்னும் கேட்டது. பூனைக்கு ஏறாத விஷமாக இருக்கலாம். வீட்டுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கடையில் புரோட்டா தின்றான். அதுவும் தொண்டையில் நின்றது. அப்படியானால் கடைக்காரனும் கூட்டு!

புதன்கிழமை லீமா அடுக்களையில் நின்று போனில் கிசுகிசுத்தாள். டைட்டஸ் ஜன்னலில் காதை வைத்தான்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது... கழுத்துலதான்... செரி, வெள்ளிக்கிழமை முடிச்சிரலாம்."

அன்றிலிருந்து கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டே திரிந்தான். லீமா அதை அவிழ்க்கப் பார்த்தாள். அவன் கத்திய கத்தலில் இருந்த குரலும் போயிற்று. வியாழக்கிழமை ஏலத்தில் வாய் அசைந்ததே தவிர, சத்தம் வரவில்லை. வேறொருவன் அவன் இடத்தில் நின்று ஏலம் விட்டான். டைட்டஸ் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வெள்ளிக்கிழமை விடிந்தது.

"நாகர்கோவில் வரைக்கும் வாறியளா? மதினிக்குச் சேலை எடுக்கணும்."

வரவில்லை என்று தலையை ஆட்டினான். லீமா கண்ணைத் துடைத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். அதே பேருந்தின் பின்படியில் டைட்டஸும் தொற்றிக்கொண்டான்.

அவள் துணிக்கடைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கட்டிடத்தின் மாடிப்படியில் விறுவிறுவென்று ஏறினாள். போர்டைப் படிக்க அவனுக்கு ஏது நேரம்? பின்னாலேயே ஓடினான். மேலே ஒரு கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே, முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் லீமாவின் கழுத்தில் இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்திக்கொண்டிருந்தார்.

டைட்டஸ் கதவை உதைத்துத் தள்ளினான்.

"யாருட்டி இவன்?"

வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. லீமா திரும்பினாள். பயப்படவில்லை. ஓடிவந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

மேசையோரம் நின்ற நர்ஸ் சொன்னாள்: "டாக்டர், வீடியோவுல பாத்த அண்ணனோட தைராய்டு கட்டி எங்கன இருக்குன்னு இனி அக்கா கழுத்துல காட்ட வேண்டாம். கேன்சர் டெஸ்டுன்னா ஓடிருவாருன்னு அக்கா சொன்ன ஆளு, தானா வந்து நிக்காரு!"